கிளாட் இந்த டிசம்பரிலா, ஒரு வருஷம் விட்டா? வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு கேள்வி

தேயிலைத்துளிர்
12 ஜூன் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கேரளத்தில் வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, எழுதுகிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் ஹ்யூமானிட்டீஸ் சேர்ந்தேன், இப்போது பிளஸ் டூ. வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்பது எட்டாவதிலிருந்தே உள்ள ஆசை. பாட்டியின் கிராஜுவிட்டி விஷயமாக லேபர் ஆபீசுக்குப் போனபோது, எதிர்த்தரப்பு பேசியது எங்கள் பக்கம் ஒருவருக்கும் புரியவில்லை. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். அன்றைக்குப் பிடித்தது.

பள்ளியில் ஒரு டீச்சர் தேசிய சட்டப் பல்கலைகளுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் பற்றிச் சொன்னார். ஒரு கோச்சிங் சென்டருக்கு போன் செய்தேன். "தமிழ் மீடியமா? அப்படியானால் இந்த வருஷம் எழுதி வேஸ்ட். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் ட்ராப் எடுத்து எங்களிடம் வா" என்றார்கள். ஃபீஸைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அது அம்மாவின் ஆறேழு மாதக் கொழுந்துச் சம்பளம்.

இந்த டிசம்பரில் எழுதலாமா, உண்மையிலேயே ஒரு வருஷம் விடுவதுதான் நல்லதா? எழுதினால் எங்கே சென்டர் போடுவது? ஆறு மாதத்தில் முடிகிற காரியமா இது?


கறுப்புக்கோட்டு
12 ஜூன் 2025, இரவு 10.55

தம்பி, முதலில் தேதியைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிளாட் ஒரு காலத்தில் கோடையில் நடந்தது, 2022-இல்கூட ஒருமுறை ஜூனில் நடந்தது. அதே 2022 டிசம்பரில் அடுத்த வருஷச் சேர்க்கைக்கான தேர்வையும் வைத்தார்கள். அன்றிலிருந்து டிசம்பர்தான். 2023-இல் டிசம்பர் 3, 2024-இல் டிசம்பர் 1, இரண்டுமே முதல் ஞாயிறு, மதியம் 2 முதல் 4 வரை. இந்த வருஷமும் முதல் ஞாயிறை மனதில் வைத்துக்கொள். அறிவிப்பு வந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், பொதுத்தேர்வு மார்ச்சில்தான். ஒரு தொல்லையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். பொதுப்பிரிவுக்குப் பிளஸ் டூவில் 45 விழுக்காடு, எஸ்சி எஸ்டிக்கு 40. வயது வரம்பு கிடையாது. அதனால் "இந்த வருஷம் விட்டால் போச்சு" என்ற பயமும் வேண்டாம்.

நான் கிளாட் எழுதியவனில்லை. அது தொடங்கியதே 2008-இல், அதற்கு முன்பே நான் எறணாகுளம் அரசு சட்டக்கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டேன். கேரள என்ட்ரன்ஸ்தான் எழுதினேன். ஆகவே பாடத்திட்டத்தை எழுதியவர்கள் சொல்லட்டும்.


தேயிலைத்துளிர்
12 ஜூன் 2025, இரவு 11.02

நன்றி சார். தம்பி இல்லை, தங்கச்சி.


நவலூர்க்காரி
13 ஜூன் 2025, காலை 7.15

திருச்சி நவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலையில் மூன்றாம் வருஷம். சொந்த ஊர் செங்கோட்டை. நானும் பத்தாவது வரை தமிழ் மீடியம்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

தங்கச்சி, கோச்சிங்காரர் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிளாட் சட்டத் தேர்வு இல்லை. அது வாசிப்புத் தேர்வு. 120 கேள்வி, 120 நிமிஷம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க், தப்புக்குக் கால் மார்க் போகும். ஆங்கிலம் 22 முதல் 26 கேள்வி, நடப்புச் செய்தியும் பொது அறிவும் 28 முதல் 32, சட்டத் தர்க்கம் 28 முதல் 32, லாஜிக் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. கணக்கு பத்தாவது அளவுதான். விகிதம், சதவீதம், சராசரி எல்லாம் நீ தமிழில் போட்டதுதான், பெயர்தான் ஆங்கிலத்தில் வரும்.

அத்தனையும் பத்தி பத்தியாக வரும். ஒரு பத்தி ஏறக்குறைய 450 சொல், அதன் அடியில் நாலைந்து கேள்வி. எல்லாப் பத்தியையும் கூட்டினால் பத்தாயிரம் சொல்லை நெருங்கும். அதை இரண்டு மணி நேரத்துக்குள் படித்து, யோசித்து, ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பவும் வேண்டும்.

இன்றைக்கு ஒரு வேலை செய். ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தை எடு. ஐந்து நிமிஷம் கடிகாரம் வைத்துப் படி. எங்கே நிறுத்தினாயோ அதுவரை சொற்களை எண்ணி ஐந்தால் வகு. நிமிஷத்துக்கு எத்தனை சொல் என்று இங்கே எழுது. டிசம்பரா அடுத்த வருஷமா என்பதை அந்த எண் சொல்லட்டும்.


தேயிலைத்துளிர்
13 ஜூன் 2025, இரவு 8.30

எண்ணிப் பார்த்தேன் அக்கா. 88. அதுவும் இரண்டு வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன்.


நவலூர்க்காரி
13 ஜூன் 2025, இரவு 9.10

பொய் சொல்லாமல் எழுதினாயே, சந்தோஷம். கணக்குப் போடு. 88 என்றால் பத்தாயிரம் சொல்லுக்குப் படிக்க மட்டும் 114 நிமிஷம். பதில் போட ஆறு நிமிஷம்தான் மிச்சம். 150 என்றால் 67 நிமிஷம். 180 என்றால் 56. நான் பரிட்சைக்குப் போனபோது 170-க்குப் பக்கத்தில் இருந்தேன். தொடங்கும்போது நூறுகூட இல்லை.

ஜூன் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை 25 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு நாலு சொல் கூடினால் போதும். இதை எட்டாத மலை என்று நினைக்காதே. தினம் ஒரு மணி நேரம், சத்தம் போடாமல், உதடு அசையாமல் படி. நாம் தமிழ் மீடியத்தில் வாய்விட்டே படித்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தையும் மனதுக்குள் உச்சரித்துக்கொண்டே போவோம். வேகத்தைப் பிடித்து வைப்பது அதுதான். இன்னொன்று, சொல்லுக்குச் சொல் தமிழில் மாற்றிப் பார்ப்பது. அதையும் விட வேண்டும். தெரியாத சொல் வந்தால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போ. அகராதி எல்லாம் கடைசியில்.


போடிமெட்டு
13 ஜூன் 2025, இரவு 11.20

ட்ராப் எடுத்தவன் பேசுகிறேன். ஒரு பெரிய நகரத்தில் கோச்சிங். ஹாஸ்டலில் பதினொரு மாதம். முதல் மூன்று மாதம் சட்டக் கொள்கைகளாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள், டார்ட், கான்ட்ராக்ட், லத்தீன் சொற்கள் என்று. பரிட்சை முறை 2020-லேயே மாறிவிட்டது, கொள்கையைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள் என்பதை நான் மாடல் தாள் எழுதும்போதுதான் கண்டுகொண்டேன். எல்சாட் இந்தியா என்ற இன்னொரு சட்ட நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்துத் தயார் செய்கிறோம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்தத் தேர்வு 2024-ஓடு நின்றே போனது.

ட்ராப் தப்பு என்று சொல்ல வரவில்லை. வீட்டில் இருந்தபடியே ஒரு தடவை எழுதிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று தெரிந்த பிறகு எடுத்திருந்தால் அந்த வருஷம் உருப்பட்டிருக்கும். எழுதாமலே ட்ராப் எடுப்பது, நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து வாங்குவது மாதிரி.


கம்பம் அப்பா
14 ஜூன் 2025, காலை 6.05

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் பையனும் பிளஸ் டூ. எங்கள் பக்கம் தமிழ்நாட்டில் அரசு சட்டக்கல்லூரிக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். இந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? குமுளி தாண்டினால் தேனியிலேயே சட்டக்கல்லூரி இருக்கிறது.


கறுப்புக்கோட்டு
14 ஜூன் 2025, காலை 8.40

ஐயா சொல்வது சரி. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்குக் கீழ் மார்க் அடிப்படைதான். பிளஸ் டூ மார்க்கைக் கோட்டைவிடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். ஆனால் நம் பிள்ளை கேரளத்துக்காரி. அந்தப் பக்கம் போனால் இந்த ஊர்ச் சாதிச் சான்றிதழ் எடுபடாது, பொதுப்பிரிவில்தான் போட்டி.

அதனால் கதவுகளை வரிசையாக வைத்துக்கொள்வோம். டிசம்பரில் கிளாட். களமசேரி நுவால்ஸ், திருச்சி, பெங்களூர் என்று இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைகள் அதில் வருகின்றன. பிளஸ் டூ முடிந்த பிறகு கேரள என்ட்ரன்ஸ் கமிஷனர் நடத்தும் சட்ட நுழைவுத் தேர்வான கேஎல்இஇ. திருவனந்தபுரம், எறணாகுளம், திரிச்சூர், கோழிக்கோடு நாலும் அரசுக் கல்லூரி, ஃபீஸ் நம்மால் கட்டக்கூடியது. அப்புறம் தமிழ்நாட்டு மார்க் பட்டியல். முதல் கதவு திறக்காவிட்டாலும் அங்கே படித்த வாசிப்பு இரண்டாவதற்கு ஆகும். ட்ராப் எடுத்தால் மூன்றும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.


ஆந்திரச் சித்தூர்
14 ஜூன் 2025, பகல் 1.15

எங்கள் பக்கம் கதையே வேறு. நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள் நாங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஆந்திராவுக்கு லாசெட் என்ற தனிச் சட்ட நுழைவுத் தேர்வு இருக்கிறது. 120 கேள்வி, 90 நிமிஷம், நெகட்டிவ் மார்க் கிடையாது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் வரும். அறுபது கேள்வி சட்ட அறிவு, முப்பது பொது அறிவும் மனத்திறனும், முப்பது நடப்புச் செய்தி. பொதுப்பிரிவுக்கு 35 விழுக்காடு, அதாவது 42 வாங்கினால் தகுதி. நான் அதை எழுதித்தான் திருப்பதியில் படிக்கிறேன். தெலுங்கில் கேள்வியைப் பார்த்தேன், தமிழில் யோசித்தேன், ஆங்கிலத்தில் ஆப்ஷனைச் சரிபார்த்தேன். மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரே மூளை.


பாலக்காட்டுச் சித்தூர்
14 ஜூன் 2025, பகல் 2.40

பெயர் ஒன்றாக இருப்பதால் யாரும் குழம்பவேண்டாம், நான் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துச் சித்தூர். போன வருஷம் எனக்கு வந்த இரண்டு மெசேஜ் அந்தச் சித்தூருக்கு உரியவை.

கேஎல்இஇ பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது கணினியில் எழுதுவது. பொது ஆங்கிலம், பொது அறிவு, எண்கணிதமும் மனத்திறனும், சட்டம் படிக்கும் தகுதி என்று நாலு பகுதி. கிளாட் போல நீண்ட பத்தி வராது, நேரடிக் கேள்வி அதிகம். அரசமைப்பின் ஷரத்துகள், ஆண்டுகள், யார் எந்தப் பதவி எல்லாம் மனதில் இருக்க வேண்டும். கிளாட்டுக்கு மனப்பாடம் உதவாது என்பது உண்மை, இதற்கு உதவும். டிசம்பர் முடிந்து மார்ச் பரிட்சையும் முடிந்த பிறகு அந்த மனப்பாடத்தை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் படிக்காதே, புத்தி இரண்டு பக்கம் இழுக்கும்.


கறுப்புக்கோட்டு
15 ஜூன் 2025, இரவு 9.30

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாடத்தைவிட இதில்தான் எஸ்டேட் பிள்ளைகள் கீழே விழுவார்கள். தங்கச்சி, நீ எஸ்சி பிரிவாக இருந்தால், சாதிச் சான்றிதழுக்கு இன்றே நட. டிசம்பருக்குப் பிறகு பார்க்கலாம் என்று விடாதே.

காரணம் இது. அட்டவணைச் சாதிகள் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவே போகாது என்று 1990-இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இங்கே வில்லேஜ் ஆபீசில் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் முன்னோர் 1950-க்கு முன்பே கேரளத்தில் இருந்தார்களா?" நாலு தலைமுறையாகக் கொழுந்து எடுக்கிற குடும்பத்திடம் கேட்கிறார்கள். நமக்கு பட்டா இல்லை, வரி ரசீது இல்லை. லயம் கம்பெனியுடையது.

பிறகு எதைக் காட்டுவது? எஸ்டேட்டின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப்) பதிவேடு, தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல். இதில் இரண்டு கிடைத்தால் பேச முடியும். எழுத்துமூலம் மனு கொடு, நகலில் சீல் வாங்கு. வாயால் கேட்டுவிட்டு வாயால் கிடைத்த பதிலோடு திரும்பி வராதே. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் இதற்காக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த அப்பாமார் நிறைய.


தேயிலைத்துளிர்
15 ஜூன் 2025, இரவு 10.05

எஸ்சிதான் சார். அண்ணனுக்கு வாங்கும்போது எட்டு மாதம் ஆனது என்று அப்பா சொல்கிறார். தாத்தாவின் செக்ரோல் நகல் அவனுடைய ஃபைலில் இருக்கிறதாம். நாளைக்கே போகிறோம்.


கறுப்புக்கோட்டு
15 ஜூன் 2025, இரவு 10.11

அண்ணனுடைய சான்றிதழ் நகலையும் கூடவே கொடு. அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.


தேயிலைத்துளிர்
6 ஜூலை 2025, மாலை 5.20

வேகம் 109. சட்டத் தர்க்கம் ஒன்றிரண்டு பத்தி போட்டுப் பார்த்தேன். எனக்கு நியாயம் என்று படுவதைத் தேர்ந்தெடுக்கிறேன், அது தப்பாகிறது. யாராவது உதாரணத்தோடு சொல்லுங்களேன்.


நவலூர்க்காரி
6 ஜூலை 2025, இரவு 9.50

எல்லாருக்கும் வரும் வியாதி. நம் ஊர் உதாரணமே சொல்கிறேன்.

பத்தியில் இப்படி ஒரு கொள்கை கொடுத்திருக்கிறார்கள் என்று வை: "ஒருவர் தன் நிலத்தில் இயல்புக்கு மாறான முறையில் ஆபத்தான பொருளைச் சேர்த்து வைத்து, அது வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் விளைவித்தால், அவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, நஷ்டஈடு தர வேண்டும்." இப்போது சம்பவம். மலைச்சரிவில் ஒரு தோட்டக்காரர் பெரிய குளம் வெட்டித் தண்ணீர் தேக்குகிறார். நல்ல இன்ஜினியரை வைத்துக் கரை கட்டினார், மாதாமாதம் பார்வையிட்டார். ஒரு இரவு கரை உடைந்து கீழே இருந்த ஏலத்தோட்டம் போய்விட்டது. அவர் பொறுப்பா?

உன் மனசு "பாவம், அவர் எல்லாம் ஒழுங்காகத்தானே செய்தார்" என்று சொல்லும். கொள்கை அதைக் கேட்கவில்லை. சேர்த்து வைத்தாரா, இயல்புக்கு மாறானதா, வெளியேறியதா, சேதமா? நாலுக்கும் ஆம். பொறுப்பு உண்டு. சம்பவத்தைக் கொஞ்சம் திருப்பு: குளத்து நீர் வெளியேறவில்லை, பக்கத்துத் தோட்டக்காரர் இவருடைய நிலத்துக்குள் வந்து வழுக்கி விழுந்தார். "வெளியேறியதா" என்பதற்கு இல்லை. இந்தக் கொள்கையின் கீழ் பொறுப்பு இல்லை. அவ்வளவுதான் விளையாட்டு. கொள்கையை நிபந்தனைகளாக உடை, ஒவ்வொன்றையும் டிக் அடி, ஒன்று குறைந்தாலும் இல்லை என்று சொல்.

இது 1868-இல் இங்கிலாந்தில் முடிந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கின் கொள்கை. அங்கேயும் நீர்த்தேக்கம்தான் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்தது. டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் 1986 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு எந்த விலக்கும் இல்லை என்றது. இதெல்லாம் தெரிந்தால் சுவை, தெரியாவிட்டாலும் மார்க் குறையாது.


போடிமெட்டு
6 ஜூலை 2025, இரவு 10.30

முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியாறுப் பிள்ளைக்கு அணை உடையும் உதாரணமா! அக்காவுக்குத் தைரியம்தான்.


கறுப்புக்கோட்டு
6 ஜூலை 2025, இரவு 10.48

உதாரணத்தோடு நிறுத்திக்கொள்வோம், இந்த இழையில் கேரளத்துக்காரரும் தமிழ்நாட்டுக்காரரும் இருக்கிறோம். ஆனால் தங்கச்சி, நடப்புச் செய்திக்கு நகரத்துப் பிள்ளை புத்தகம் வாங்கிப் படிப்பதை நீ வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்திருக்கிறாய். முல்லைப் பெரியாறு அணைக்கான 1886 ஒப்பந்தம், 999 வருஷக் குத்தகை, 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடிக்கு அனுமதித்தது, 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம். மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கு என்றால் ஷரத்து 131, நதிநீர்த் தகராறு என்றால் 262. இரண்டு தரப்பின் வாதத்தையும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பார். உன் மனசு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிய வேண்டாம், தாளைப் படிப்பவருக்கும் தெரியக்கூடாது.


தேயிலைத்துளிர்
2 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

தேதி வந்துவிட்டது: டிசம்பர் 7, ஞாயிறு. படிவம் நேற்றுத் திறந்தது, கடைசி நாள் அக்டோபர் 31. கட்டணம் பொதுப்பிரிவுக்கு 4000, எங்களுக்கு 3500. சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை, மனுவின் சீல் போட்ட நகல் இருக்கிறது. சென்டர் எங்கே போடலாம்? கொச்சியா, இல்லை மதுரை, திருச்சி மாதிரி தமிழ்நாட்டுப் பக்கமா?


கம்பம் அப்பா
2 ஆகஸ்ட் 2025, இரவு 8.50

மதுரைப் பக்கம் போடும்மா. எங்கள் வீட்டில் தங்கிப் போகலாம், என் வீட்டுக்காரம்மாவும் சொல்கிறாள்.


கறுப்புக்கோட்டு
2 ஆகஸ்ட் 2025, இரவு 9.35

ஐயாவின் மனசு பெரிது. ஆனால் டிசம்பர் முதல் ஞாயிறு என்றால் மண்டல காலம். சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். லோயர் கேம்ப் இறக்கத்தில் ஒரு பஸ் நின்றால் பின்னால் குமுளி வரை நிற்கும். கோட்டயம் ரோட்டிலும் முண்டக்கயம் வரை அதே கூட்டம்தான்.

எந்தப் பக்கமானாலும் சனிக்கிழமையே இறங்கிவிட வேண்டும், அதை மாற்றாதே. அப்படியானால் தங்க எங்கே ஆள் இருக்கிறதோ அதுதான் உன் சென்டர். கொச்சி என்றால் முண்டக்கயம் பக்கம் போகாமல் ஏலப்பாறை, வாகமண், ஈராற்றுப்பேட்டை, தொடுபுழை, மூவாற்றுப்புழை என்று இறங்கலாம். வளைவு அதிகம், கூட்டம் குறைவு.


தேயிலைத்துளிர்
2 ஆகஸ்ட் 2025, இரவு 10.00

சித்தி ஆலுவாயில் இருக்கிறார். அப்படியானால் கொச்சியே போடுகிறேன். கம்பம் மாமாவுக்கு ரொம்ப நன்றி.


பாலக்காட்டுச் சித்தூர்
3 ஆகஸ்ட் 2025, காலை 9.20

படிவம் நிரப்பும்போது பெயர் எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் இனிஷியலாக ஒரு இடத்தில், முழுப்பெயராக ஒரு இடத்தில், ஆதாரில் வேறு விதமாக என்று மூன்று ஆளாக இருப்போம். மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஏற்றும்போது "ழ" என்னென்னவாகவோ ஆகும். இப்போது திருத்தினால் கவுன்சலிங்கில் அழவேண்டியதில்லை.


தேயிலைத்துளிர்
19 அக்டோபர் 2025, இரவு 9.00

படிவம் போன மாதமே போட்டாயிற்று. சான்றிதழும் வந்துவிட்டது! செக்ரோலும் அண்ணன் நகலும்தான் காப்பாற்றியது, மூன்றே மாதத்தில் கொடுத்தார்கள்.

வேகம் 148. ஆனால் மாக் டெஸ்டில் 120-க்கு 51-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. 70 கேள்வி போடுகிறேன், நெகட்டிவுக்குப் பயந்து மற்றதை விட்டுவிடுகிறேன்.


நவலூர்க்காரி
19 அக்டோபர் 2025, இரவு 10.20

பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, பார். நாலு ஆப்ஷன். கண்ணை மூடி 16 கேள்வி குறித்தால் சராசரியாக நாலு சரி, பன்னிரண்டு தப்பு. நாலு மார்க் வரும், மூன்று போகும். அதாவது குருட்டடிக்கே நஷ்டமில்லை, ஒரு மார்க் லாபம். ஒரு ஆப்ஷனைத் தப்பு என்று உறுதியாக அடித்துவிட்டால், 12 கேள்விக்கு நாலு சரி, எட்டுத் தப்பு. நாலு வரும், இரண்டு போகும். இரண்டு லாபம்.

ஆனால் இது பத்தியைப் படித்த கேள்விகளுக்கு. படித்த பத்தியில் ஒன்றையும் காலியாக விடாதே. படிக்காத பத்திகளை அப்படியே விடு, கடைசி மூன்று நிமிஷத்தில் பார்க்கலாம். எந்தப் பத்தியை விடுவது என்று முடிவு செய்வதுதான் உன்னைப் போன்றவளுக்கு முக்கியம். எனக்குப் பொருளாதாரப் பத்தி என்றால் அலர்ஜி, அதைக் கடைசிக்குத் தள்ளுவேன்.

இனி மாக் எல்லாம் ஞாயிறு மதியம் 2 முதல் 4 வரை மட்டும் எழுது. சாப்பிட்ட பிறகு தூக்கம் வரும் நேரம் அது. உடம்பு பழகட்டும்.


போடிமெட்டு
20 அக்டோபர் 2025, காலை 7.00

தாளில் எழுது, போனில் வேண்டாம். நான் போனிலேயே மாக் எழுதிப் பழகி, பரிட்சையில் ஓஎம்ஆரில் ஒரு வரிசை தள்ளிக் குறித்தவன். ஏழு கேள்வி போன பிறகுதான் பார்த்தேன். பேனா, அழிக்க முடியாது.


தேயிலைத்துளிர்
23 நவம்பர் 2025, இரவு 9.45

இன்றைய மாக் 68. போன வாரம் 71. வேகம் 163. அம்மாவுக்கு வேகம் என்றால் என்னவென்று புரியவில்லை, ஆனாலும் தினமும் "இன்னிக்கு எத்தனை" என்று கேட்கிறார். கொழுந்துக்கு கிலோ கேட்கிற மாதிரி.

டிசம்பர் 14-இல் டில்லி சட்டப் பல்கலையின் எய்லெட்டும் இருக்கிறது. 150 கேள்வி. அதற்குத் தனிக் கட்டணம். பணம் போடவில்லை, கிறிஸ்துமஸ் பரிட்சையும் பக்கத்தில் இருக்கிறது. சரிதானே?


கறுப்புக்கோட்டு
23 நவம்பர் 2025, இரவு 10.10

சரிதான். ஒரு எச்சரிக்கை. உள்ளாட்சித் தேர்தல் இடுக்கிக்கும் எறணாகுளத்துக்கும் டிசம்பர் 9. அப்படியானால் 7-ஆம் தேதி மாலையோடு பிரச்சாரம் முடிகிறது. கொட்டிக்கலாசம் என்று கடைசி நேர ஆர்ப்பாட்டம் நடக்கும். திரும்பி வரும்போது டவுன்களில் மாட்டிக்கொள்வாய். போகும்போது பிரச்சினை இல்லை.


தேயிலைத்துளிர்
8 டிசம்பர் 2025, இரவு 8.00

வந்துவிட்டேன், எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவும் நானும் ஏலப்பாறை பஸ் ஏறினோம். வாகமண் தாண்டியதும் எனக்கு வாந்தி. பஸ்ஸில் படிக்கலாம் என்று எடுத்துப்போன நோட்டு திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு ஆலுவாய். சித்தி கஞ்சியும் பயறும் வைத்திருந்தார், எட்டு மணிக்கே படுத்துவிட்டேன்.

பரிட்சை அறையில் முதல் இருபது நிமிஷம் கை நடுங்கியது. ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் நவலூர் அக்கா சொன்னதுபோல் அதற்குப் புள்ளி வைத்துவிட்டு மேலே போனேன். மொத்தம் மூன்று பத்தி படிக்காமல் விட்டேன். 104 கேள்வி குறித்திருக்கிறேன், அதில் கடைசியாக ஏழு குருட்டடி. ஒவ்வொரு பத்து கேள்விக்கும் ஓஎம்ஆர் எண்ணைச் சரிபார்த்தேன், போடிமெட்டு அண்ணா. கணக்கில் ஒரு கேள்வி போட்டு முடித்த பிறகுதான் தமிழிலேயே மனதுக்குள் பெருக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

திரும்பும்போது வக்கீல் சார் சொன்னது அப்படியே நடந்தது. மூவாற்றுப்புழையில் ஐந்தே முக்காலுக்கு நுழைந்தோம். செண்டை, கொடி, லாரி மேல் ஆள், பஸ் அரை மணி நேரம் அசையவில்லை. அப்பா ஜன்னலில் சாய்ந்து அத்தனை கட்சியையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். "எப்படி எழுதினே" என்று தொடுபுழை வந்த பிறகுதான் கேட்டார். அங்கேயே அவருடைய நண்பர் வீட்டில் தங்கிவிட்டு இன்று மதியம்தான் லயத்துக்கு வந்தோம்.


நவலூர்க்காரி
8 டிசம்பர் 2025, இரவு 8.25

104 குறித்தாயா! ஜூனில் 88 சொல் படித்தவள். விடைக்குறிப்பு வந்ததும் உட்கார்ந்து எண்ணு, அதுவரை டெலிகிராம் குரூப்களில் ஆளாளுக்குச் சொல்கிற கட்-ஆஃபைப் பார்க்காதே.


கம்பம் அப்பா
8 டிசம்பர் 2025, இரவு 9.00

என் பையன் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு, அடுத்த வருஷம் நானும் எழுதுகிறேன் என்கிறான். நேற்றுத் தலையங்கம் படிக்க வைத்தேன். 94.


தேயிலைத்துளிர்
8 டிசம்பர் 2025, இரவு 9.12

என்னைவிட ஆறு கூட, மாமா. உதடு அசைகிறதா என்று பாருங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் அண்ணா, கேஎல்இஇக்கு நீங்கள் ஷரத்துகளை எந்த வரிசையில் படித்தீர்கள்? மார்ச் வரை தொடமாட்டேன், பட்டியலை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.